ஒருத்தருக்கு ஒரு ஓலை

"ஊதாதீங்க சார். ஊதுனா எழுத்தும் சேந்து போயிரும்."

பெர்க்மான்ஸ் குவித்த உதட்டை அப்படியே மூடிக்கொண்டார். பக்கத்தின்மேல் காகிதத்தூள் அரிசிமாவு போலக் கிடந்தது. சிஸ்டர் தெக்லா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்து நீட்டினார். இறகின் நுனியால் தள்ளத் தள்ள, ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெயர் மேலே வந்தது.

மரிய எப்ரேசி.

அவர் உடனே வாய்விட்டு வாசிக்கவில்லை. விரலை எழுத்துக்குக் கீழே, தொடாமல் வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக நகர்ந்தார். எண் 41. பிறந்தது 1935 அக்டோபர் 9. ஞானஸ்நானம் அதே மாதம் 13. தகப்பன் சூசை மிக்கேல், வலைத்தொழில். தாய் திரேசம்மாள். ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு குறிப்பு: 13-6-1955 இவ்வாலயத்தில் மெய்விவாகம், எண் 23.

"கெடச்சுட்டா" என்றார் பெர்க்மான்ஸ். "எங்கம்மா கெடச்சுட்டா, சிஸ்டர்."

"ம்."

"என்ன, ம்முங்கிறீங்க? ஏழு மாசம்."

"சந்தோசம் சார். ஓலையை வையுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து காய்ந்த குருத்தோலைத் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தார். ஏழு மாதம் பையில் கிடந்து அது வியர்வையில் பழுப்பேறியிருந்தது.

தோமையார்துறைக் கோவிலில் பீடத்துக்குப் பின்னால் ஒரு மரப்படி உண்டு. ஏறினால் ஓர் அறை. அந்தக் கரையில் நூற்றெழுபது வருஷமாகப் பிறந்தவர்களும் மணந்தவர்களும் மரித்தவர்களும் அங்கே மூன்று வகைப் புத்தகங்களாக, வேப்பிலைச் சருகுக்கு நடுவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் சிஸ்டர் தெக்லா மடத்திலிருந்து வந்து அறையைத் திறப்பார். அவருக்கு நாற்பத்துமூன்று வயது. தங்கள் வீட்டு ஆட்களைத் தேடிக்கொண்டு மும்பையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூட அந்தப் படி ஏறி வருவார்கள். வருகிறவர்கள் ஒரு நாள் இருப்பார்கள், பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். பெர்க்மான்ஸுக்கு வயது அறுபத்துநாலு. அவர் மட்டும் பங்குனியில் வந்தவர், போகவில்லை.

வந்த அன்று அவர் சொன்னது இது.

"எங்கம்மா பிறந்த தேதி வேணும் சிஸ்டர். போன மாசியில தவறிட்டா. கல்லறைத் திருநாளுக்குள்ள கல்லு வைக்கணும். இறந்த தேதி இருக்கு. பிறந்த தேதி அவளுக்கே தெரியாது. கேட்டா, 'மழை பேஞ்ச நாளு'ம்பா. எந்த மழைன்னா சிரிப்பா."

முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்தவர் அவர். அந்தத் தோரணையில் இதையும் சேர்த்துச் சொன்னார்: "பேரு இருக்கு, ஊரு இருக்கு. பேரும் ஊரும் இருந்தா ஒரு கடுதாசி சேராமப் போகாது."

சிஸ்டர் தெக்லா குருத்தோலை ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"அடையாளத்துக்கு. தேடுற ஆளு கெடச்ச பக்கத்துல வையுங்க. இந்த ரூம்புல ஒருத்தருக்கு ஒரு ஓலை."

பிறகு ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பெர்க்மான்ஸ் அட்டையைப் பார்த்தார். மரித்தோர் புத்தகம்.

"நான் கேட்டது பிறப்பு, சிஸ்டர்."

"இதுல ஆரம்பிங்க."

"எங்கம்மாவைப் புதைச்சது நான். இந்தக் கையால மண்ணள்ளிப் போட்டேன். அவ சாவைத் தேடுறதுக்கா முட்டி வலிக்கப் படியேறி வந்திருக்கேன்?"

சிஸ்டர் தர்க்கம் பண்ணவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தார். மரித்தோர் புத்தகத்தை மேசை ஓரத்தில், அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். சாயங்காலம் அதைத் திரும்ப அலமாரிக்குக் கொண்டுபோனார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அதே இடத்தில் வைத்தார். ஏழு மாதமும் அப்படித்தான். அவர் அதைத் திறந்ததில்லை. சிஸ்டர் திறக்கச் சொன்னதும் இல்லை. ஒன்றிரண்டு நாள் பெர்க்மான்ஸ் அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டார். பூச்சி தின்ற சொல்லை, தின்னாமல் விட்ட கொம்பையும் சுழியையும் வைத்து மீட்பது. மை வெளுத்த பக்கத்தை ஜன்னலுக்குச் சாய்த்துப் பிடிப்பது. கையெழுத்தைக் கொண்டு எழுதியவரை அடையாளம் காண்பது. இவர் அவசரக்காரர், இவருக்குக் கை நடுக்கம், இவர் தகப்பன் பெயரை எழுதிவிட்டுத் தாய் பெயருக்கு வரும்போது மை தொட மறந்துவிடுகிறவர். பேரன் பேத்திக்குச் சொல்வதற்கு அவரிடம் கதை சேர்ந்தது. தாத்தா சூசை மிக்கேலுக்கு 1938இல், 41இல், 44இல் மூன்று ஆண்பிள்ளைகள் என்று தன் நோட்டில் குறித்து வைத்தார். அம்மா மட்டும் அகப்படவில்லை. அம்மா பிறந்த வருஷமும் கலியாணமான வருஷமும் தெரியாததால் 1940இல் தொடங்கி முன்னும் பின்னுமாகப் போனதில் மாதங்கள் கழிந்தன. 1935ஆம் வருஷப் புத்தகம் பைண்டு பிரிந்து, வேறொரு புத்தகத்துக்குள் செருகிக் கிடந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"இதுல எழுதியிருக்கதெல்லாம் உண்மைதானே சிஸ்டர்?"

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை அவரிடம் நீட்டினார்.

"எழுதுங்க. இன்னைக்குக் காலையில நான் மீன் வாங்குனேன். சீலா. ஒரு கிலோ."

அவர் எழுதினார்.

"வாங்குனேனா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே எழுதுனீங்க" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

இன்னொரு நாள், வேலை ஓடாத ஒரு மத்தியானத்தில், அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவா. எப்பவுமே அப்படித்தான். அப்பா கேலி பண்ணுவாரு, 'எப்ரேசி காதுல நண்டு குடியிருக்கு'ன்னு."

"காது கேக்காதா?"

"யாருக்கு? தெருமுனையில ஐஸ் வண்டி மணி அடிச்சா அடுக்களையில இருந்துக்கிட்டே முதல்ல அவளுக்குத்தான் கேக்கும். பேரு சொல்லிக் கூப்பிட்டா மட்டும்தான். முதல் தடவை வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருப்பா."

சிஸ்டர் எழுந்து வந்து, மேசை ஓரத்தில் இருந்த மரித்தோர் புத்தகத்தின் அட்டையை முந்தானையால் துடைத்தார். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இப்போது அம்மா கிடைத்துவிட்டாள். பெர்க்மான்ஸ் கைபேசியை எடுத்துத் தங்கைக்குப் போட்டார்.

"சலேத்து, குறிச்சுக்க. முப்பத்தஞ்சு, அக்டோபர் ஒம்பது."

"கெடச்சுட்டா?" மறுமுனையில் சலேத் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "நெசமாவா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா, ஏழு மாசமா சிஸ்டருட்ட உக்காந்து படிக்கானே, அண்ணன் சாமியாராத்தான் வெளிய வருவான்னு."

"வெக்காளி, வாயைக் கொறை. கல்லுக்காரன் எங்க?"

"இங்கதான். அம்மா பேரைக் கொத்திட்டு, தேதிக்காக முற்றத்துல உக்காந்து பீடியா ஊதித் தள்ளுதான். நாலு தடவை காப்பி போட்டுட்டேன்."

"சொல்லிரு. கொத்தட்டும்."

வைத்துவிட்டுச் சிரித்தார். சாப்பிட்டு முடித்தவரைப் போல நாற்காலியில் சாய்ந்தார். முழங்கை எதிலோ இடித்தது. திரும்பிப் பார்த்தார்.

"பாவம் இது" என்றார். "ஏழு மாசமாக் காத்துக் கிடக்கு. உங்க ஆசைக்கு ஒருக்கா பாத்துருவோமா சிஸ்டர்?"

"என் ஆசை இல்ல சார்."

"பின்னே?"

"மூணு புஸ்தகம் இருக்கு. இதை நீங்க திறக்கவே இல்ல."

"எங்க தொடங்கணும்?"

"முப்பத்தஞ்சுக்குப் பெறகு எங்க வேணும்னாலும்."

அவர் விளையாட்டாகத்தான் புரட்டினார். 1936இல் முதியவர்கள். 1937இல் கடலுக்குப் போனவர்கள். ஒரே நாளில் நாலு பேர், மூன்று பேருக்கு 'உடல் கிடைக்கவில்லை.' 1939 தொடங்கியதும் பக்கம் மாறிப்போயிற்று. வயதுக் கட்டத்தில் எல்லாம் சின்ன எண்கள். நாலு. இரண்டு. ஏழு மாதம். ஐந்து. நோய்க் கட்டத்தில் முதல் வரியில் 'அம்மை' என்று எழுதிவிட்டு, கீழே பக்கம் முடியுமட்டும் மேற்படிக்கு இரண்டு புள்ளி, இரண்டு புள்ளி என்று போட்டிருந்தது. கை நடுக்கக்காரரின் எழுத்து. பெர்க்மான்ஸின் விரல் தானாக வேகம் குறைந்தது.

அடுத்த பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

எண் 67. மரிய எப்ரேசி. வயது 3 வருஷம் 5 மாதம். தகப்பன் சூசை மிக்கேல். தாய் திரேசம்மாள். அடக்கம் 1939 மார்ச் 11.

கீழே காய்கறிக்காரி கோவில் முற்றத்தைக் கடந்து கூவிக்கொண்டு போனாள். கூவல் தேய்ந்து மறையும்வரை அவர் அசையவில்லை.

"இது வேற ஆளு" என்றார்.

சிஸ்டர் புத்தகத்தை ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"வேற சூசை மிக்கேலு. இந்தக் கரையில சூசை மிக்கேலுக்குப் பஞ்சமா? கடற்கரையில நின்னு சூசை மிக்கேலேன்னு கூப்பிட்டா முப்பது பேரு திரும்புவான்."

"இருக்கலாம். கடைசிக் கட்டம் பாருங்க."

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'ஞானஸ்நான எண்.' அதில் 41/1935 என்று இருந்தது.

"அப்போ அதே பேரை அடுத்த பிள்ளைக்கு வச்சிருப்பாங்க. வைக்கிறதுதானே. செத்த பிள்ளை பேரை அடுத்த..."

அவரே நிறுத்திக்கொண்டார். அவருடைய நோட்டு மேசையில் திறந்தே கிடந்தது. 38, 41, 44. மூன்றும் ஆண். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வேறு பெண்பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் பெறவில்லை. அதை வருஷம் வருஷமாக, வரி வரியாகத் தேடி உறுதிப்படுத்தியவர் அவர்தான்.

ஞானஸ்நானப் புத்தகத்தை இழுத்து ஓரக்குறிப்பை மறுபடி பார்த்தார். 13-6-1955 மெய்விவாகம். கலியாணப் புத்தகத்தையும் எடுத்துவந்து 23ஆம் எண்ணை விரித்தார். மணமகன் அவருடைய அப்பா. மணமகள் மரிய எப்ரேசி, சூசை மிக்கேல் மகள், ஞானஸ்நானம் 41/1935. கீழே மணமகளின் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக்குறி.

"மூணரை வயசுல செத்த பிள்ளை" என்றார், "எப்பிடி சிஸ்டர் இருபது வயசுல வந்து நிக்கும்?"

சிஸ்டர் தெக்லா நாற்காலியை நகர்த்தி அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கோவில்ல கித்தேரியான்னு, கோவில் கணக்கு எழுதுற ஒரு உபதேசியார் இருந்தாரு. எனக்கு முன்னால இங்க இருந்த வயசான சிஸ்டர் சொன்னது. ஞாயித்துக்கிழமை பூசையில 'இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம்'னு ஓலை வாசிக்கணும்னா, சனிக்கிழமை அவருட்ட பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரு ஞானஸ்நான நம்பரும் குடுக்கணும். நம்பர் இல்லாட்டி ஓலை கிடையாது. ஓலை இல்லாட்டிக் கலியாணம் கிடையாது."

"ம்."

"சில சனிக்கிழமை ஒரு தகப்பன் வந்து நிப்பானாம். பெத்த பிள்ளை இல்ல, வளத்த பிள்ளை. கொள்ளைநோயில தாய் தகப்பனத் தின்னுட்டு வந்து நின்னதோ, வள்ளத்துல ஒதுங்குனதோ, சந்தையில தனியா அழுதுகிட்டு நின்னதோ. எங்க உள்ள பிள்ளைன்னு உபதேசியார் கேக்க மாட்டாரு. 'உம்ம வீட்டுல போன பிள்ளை உண்டுமா'ம்பாரு. அந்த மனுசன் அழுவானாம். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பெறகு செத்த பிள்ளை நம்பரை எடுத்து உசிரோட இருக்க பிள்ளைக்கு எழுதிக் குடுப்பாரு."

"அது பாவமில்லையா?"

"ஒருத்தரு அவருட்டயும் அப்படித்தான் கேட்டாராம். 'ஒண்ணுக்கு நம்பரு உண்டு, உசிரு இல்ல. ஒண்ணுக்கு உசிரு உண்டு, நம்பரு இல்ல. ரெண்டையும் சேத்துக் கட்டிவச்சேன்'னாராம்."

"எத்தனை பேருக்கு இப்பிடி?"

"நான் கண்டது பதினேழு."

"எங்கம்மாவைச் சேத்தா, சேக்காமலா?"

"சேக்காம."

பெர்க்மான்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே இருந்த சிஸ்டரின் முகம் மங்கலாயிற்று. அது அவருக்குச் சற்று வசதியாக இருந்தது.

"அந்தப் பதினேழு பேரும் உண்மையிலே யாருன்னு உபதேசியார் எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?"

"கடைசிக் காலத்துல அவருக்கு அதுதான் வாதையாம். படுக்கையில கிடந்துகிட்டு வாயைத் திறப்பாராம், எதையோ சொல்லப்போற மாதிரி. ஒண்ணும் வராது. பேச்சு நிக்கலை. சொல்லுறதுக்குத்தான் பேரு இல்ல. அத்தனை பிள்ளைகள்ல ஒண்ணுகிட்டகூட, 'உனக்கு முன்னால என்ன பேரு'ன்னு அவரு கேக்கலை."

பெர்க்மான்ஸ் திடீரென்று கைபேசியை எடுத்தார். தங்கையின் பெயரைத் தேடிக் கட்டைவிரல் திரையில் ஓடியது.

"யாருக்கு சார்?"

"கல்லுக்காரனை நிப்பாட்டணும். அது எங்கம்மா தேதி இல்ல."

"எந்தத் தேதியைப் போடச் சொல்லுவீங்க?"

கட்டைவிரல் நின்றது. கைபேசியை மேசையில் வைத்தார். யாரைக் கேட்பது? பாட்டி போய் நாற்பது வருஷம். மாமன்மார் மூவரும் போய்விட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா? காதில் நண்டு என்று சிரித்தவருக்குத் தெரிந்திருக்காது.

தபால் ஆபீஸில் பிரிப்பு அலமாரியின் கடைசிக் குழி அவர் நினைவுக்கு வந்தது. சேர வேண்டியவர் இல்லை, அனுப்பியவர் யாரென்றும் எழுதவில்லை என்றால் அதில்தான் போடுவார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் குழிக்குள் போட்ட எதையும் அவர் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றார். குரல் உயர்ந்தது. "முதல் நாளே தெரியும். அதான் இதைத் தூக்கி முன்னால வச்சீங்க."

"தெரியாது சார். எல்லாருக்கும் நான் இதைத்தான் முதல்ல வைப்பேன்."

"ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவான்னு நான் சொன்னேனே. அன்னைக்கு?"

சிஸ்டர் கோழி இறகை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"அன்னைக்கு நினைச்சேன்" என்றார்.

"திறந்து பாருன்னு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு என்னை ஏழு மாசம் அலைய விட்டீங்க?"

"ஏழு மாசம் உங்களுக்குத் தேடுறதுக்கு ஒரு அம்மா இருந்தா."

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி மேசையின் கால்வாசிக்கு வந்திருந்தது. அம்மாவின் கடைசி நாள் அவர் கேட்காமலே எதிரில் வந்து நின்றது. பங்குச் சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். குனிந்து, "மரிய எப்ரேசி" என்று கூப்பிட்டார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டு தடவை கூப்பிடணும் சாமி" என்று பெர்க்மான்ஸ்தான் சொல்லிக் கொடுத்தார். சாமியார் மறுபடி கூப்பிட்டார். பிறகு சலேத் கூப்பிட்டாள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள், ஒருத்தி மாற்றி ஒருத்தி, காதோரம் குனிந்து அந்த மூன்றரை வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா கடைசிவரை திரும்பவில்லை.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது.

"திருத்தணும்" என்றார். "இது பொய். கோவில் புஸ்தகத்துல பொய் இருக்கக்கூடாது. எங்கம்மா இன்னொரு பிள்ளையோட வரியில குடியிருக்கா. அந்தப் பிள்ளை செத்த பெறகும் அதுக்குக் கலியாணம் முடிச்சு வச்சிருக்காங்க. அடிச்சுத் திருத்துங்க சிஸ்டர். உங்களுக்கு அதிகாரம் இருக்குல்லா?"

"சாமியாருட்ட சொல்லிட்டுச் செய்யலாம். ஓரத்துல எழுத வழி இருக்கு."

"எழுதுங்க."

சிஸ்டர் தெக்லா மைக்கூட்டை எடுத்து மூடியைத் திருகினார். பழைய கட்டைப் பேனாவை மையில் முக்கி, கூட்டின் விளிம்பில் ஒருமுறை வழித்தார். ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரக்குறிப்பைப் பேனா முனையால் காட்டினார்.

"இதை அடிச்சிரலாம். 'மேற்படி பிள்ளை 1939இல் மரித்தது, மரித்தோர் புத்தகம் எண் 67 காண்க.' இந்தப் பிள்ளைக்கு அது நியாயம்."

"ஆமா."

பேனா காகிதத்தைத் தொடவில்லை. சிஸ்டர் கலியாணப் புத்தகத்தை இழுத்து, 23ஆம் எண்ணுக்கு நேரே கையை வைத்தார்.

"இங்கயும் திருத்தணும். அதைத் திருத்திட்டு இதை விட முடியாது. சூசை மிக்கேல் மகள்ங்கிறதை அடிக்கணும். நம்பரை அடிக்கணும். மணமகள் பேரை அடிக்கணும்."

"அடிங்க."

"அடிச்சுட்டு, மேல வேற பேரு எழுதணும் சார். வெறும் இடமா விடப்படாது."

பெர்க்மான்ஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"பேரைச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர். "எழுதுதேன்."

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார்.

பேனா முனையில் மை ஒரு பொட்டாகத் திரண்டு நின்றது. விழவில்லை. மெல்ல மங்கி, காய்ந்தது. சிஸ்டர் மறுபடி மையில் முக்கி, மறுபடி வழித்து, அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பெர்க்மான்ஸ் உட்கார்ந்தார்.

மேசையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்து வெளிச்சம் போட்டது. சலேத் படம் அனுப்பியிருந்தாள். கறுப்புக் கல்லில், வெள்ளைப் பொடி இன்னும் துடைக்கப்படாத எழுத்து. மரிய எப்ரேசி. பிறப்பு 9-10-1935. அவர் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தார்.

மேலே கோபுரத்தில் ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கத் தொடங்கியது. சிஸ்டர் தெக்லா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். சிலுவை வரைந்துகொண்டு ஜன்னலண்டை போய், கடல் பக்கம் பார்த்து நின்று முணுமுணுப்பாகச் செபம் சொன்னார்.

பெர்க்மான்ஸ் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து குருத்தோலையை உருவினார். நகத்தால் அதன் நுனியைக் கீறி, நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தார். பாதியை மரித்தோர் புத்தகத்தில் 67ஆம் எண்ணிலும், பாதியைக் கலியாணப் புத்தகத்தில் 23ஆம் எண்ணிலும் வைத்து மூடினார்.